"ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா வருவியா?"

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

சங்கரன்கோவிலில் இருந்து பேசுகிறேன். நான் மயக்கவியல் மருத்துவர். எங்க ஊர்ப் பேச்சில் சொன்னால் "மயக்க டாக்டரம்மா". ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் நிற்கிற ஆள். தையல் போட்ட டாக்டரை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், எங்களை யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இந்த நிகழ்ச்சியில் பேசச் சொன்னபோது, போன மாசம் என் அக்கா மகன் கேட்ட ஒரு கேள்விதான் நினைவுக்கு வந்தது. அவன் எம்பிபிஎஸ் முடித்து, ஹவுஸ் சர்ஜன் வருஷத்தையும் முடித்து, இப்போது நீட் பிஜிக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். கூடப் படித்த பையன் ஒருத்தன் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்திருக்கிறான். மூணு ஆஸ்பத்திரியில் இருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இவனுக்கு மனசு கேட்கவில்லை.

"சித்தி, அவன உக்கார வச்சுப் பேசப்போறாங்க. ஏன் இந்தத் துறை, எந்த மாதிரி ஊர்ல வேலை பாக்க ஆசைன்னு கேப்பாங்க. என்னைய மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா? வெறும் ராங்க்தான் நானா?"

நியாயமான கேள்வி. ஒரு மருத்துவரை நிபுணராக்குவதற்கு மூணு வருஷம் அரசாங்கம் செலவு பண்ணுகிறது. அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறோம்? நேரில் பார்த்துப் பேசாமலே முடிவு செய்வது சரியா? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் அந்தப் பையன் போகிற வழியைப் பார்ப்போம். அமெரிக்காவில் முதுநிலைப் பயிற்சியை ரெசிடென்சி என்கிறார்கள். செப்டம்பரில் விண்ணப்பம் போடணும். மதிப்பெண், பேராசிரியர்கள் எழுதிய சிபாரிசுக் கடிதங்கள், தன்னைப் பற்றித் தானே எழுதிய ஒரு பக்கம், எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு. ஒவ்வொரு ஆஸ்பத்திரித் துறையும் அதில் சிலரைப் பொறுக்கி இன்டர்வியூவுக்குக் கூப்பிடும். முடிந்ததும் மாணவர் தனக்குப் பிடித்த இடங்களை வரிசைப்படுத்திக் கொடுப்பார். துறையும் தனக்குப் பிடித்த மாணவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும். ரெண்டு பட்டியலையும் ஒரு கணினி பொருத்திப் பார்த்து, மார்ச் மாதம் முடிவு சொல்லும். அதற்கு 'மேட்ச்' என்று பேர். 1952-லிருந்து நடக்கிறது. அந்தப் பொருத்தும் முறையைச் சீர்செய்த ஆல்வின் ராத், அதன் கணிதத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான லாய்ட் ஷேப்லி, ரெண்டு பேருக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? ஆனால் என் அக்கா மகன் கவனிக்காத ஒரு படி நடுவில் இருக்கிறது. இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் யார் கழிக்கிறார்கள் என்பதுதான் அது. சில இடங்களுக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வருகின்றன. அத்தனையையும் உட்கார்ந்து வாசிக்கிற பேராசிரியர் எந்த நாட்டிலும் கிடையாது. அதனால் கணினியில் ஒரு சல்லடை வைக்கிறார்கள். இந்த மதிப்பெண்ணுக்குக் கீழே வேண்டாம். படிப்பு முடித்து இத்தனை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் வேண்டாம். வெளிநாட்டில் படித்தவர், விசா தேவைப்படுபவர் என்றால் எங்களுக்குச் சரிவராது. ரொம்ப காலம் அந்தச் சல்லடைக்கு ஸ்டெப் 1 என்ற தேர்வின் மதிப்பெண்தான் பயன்பட்டது. 2022 ஜனவரி முதல் அதில் எண்ணைச் சொல்வதை நிறுத்திவிட்டு, தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் சொல்கிறார்கள். உடனே எல்லாருடைய கண்ணும் அடுத்த தேர்வான ஸ்டெப் 2-வின் மதிப்பெண்ணுக்கு நகர்ந்துவிட்டது. எண்ணை ஒரு கதவு வழியாக வெளியே அனுப்பினால் அடுத்த கதவு வழியாக உள்ளே வருகிறது.

ஆக அங்கேயும் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே கட்-ஆஃப் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே உன் விண்ணப்பம் எந்தச் சல்லடையில் நின்றுபோனது என்று உனக்குச் சொல்ல யாருக்கும் கடமை இல்லை.

இப்போது நம்ம முறை. நீட் பிஜி: 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், 800 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 குறையும். அதில் ஒரு ராங்க். அப்புறம் கலந்தாய்வு. கல்லூரிகளை வரிசையாகப் போட்டு 'லாக்' பண்ணிவிட்டுக் காத்திருக்கணும். ஓர் அரசுக் கல்லூரியில் ஒரு துறையின் பேராசிரியர் தன் மாணவரின் முகத்தை முதல் முறை பார்ப்பது, அவர் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு சேர வருகிற அன்றைக்குத்தான். அறுவைசிகிச்சைக்கு வந்த பையனுக்கு ரத்தத்தைப் பார்த்தால் ஆகுமா, ஆகாதா என்று யாரும் கேட்பதில்லை.

ராங்க் என்றால் தகுதி என்று நம்ம வீடுகளில் நினைக்கிறோம். அதுவும் முழு உண்மை இல்லை. 2023-ல் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று நீட் பிஜி தகுதி அளவைப் பூஜ்ஜியம் பர்சன்டைல் வரைக்கும் இறக்கினார்கள். பரீட்சை எழுதிய எல்லாருமே கலந்தாய்வுக்குப் போகலாம் என்று ஆனது. அப்படியென்றால் அந்த எண் என்ன? வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று சொல்கிற டோக்கன். டோக்கனும் தேவைதான். ஆனால் அது டோக்கன் என்பதை மறந்துவிடக் கூடாது.

"அப்ப இன்டர்வியூ வைக்கலாமே சித்தி?" என்றான்.

"லே, வச்சாங்கலே. உங்க தாத்தா காலத்துல வச்சாங்க" என்று சொன்னேன். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன். இது பிஜி இல்லை, எம்பிபிஎஸ் சேர்க்கை பற்றியது. ஆனால் பாடம் ஒன்றுதான்.

1970-ல் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் இருந்தது. விளையாட்டு, என்சிசி என்று தலைப்பு வாரியாகப் பிரித்துப் போடணும் என்பது விதி. தேர்வுக் குழுக்கள் அப்படிப் பிரிக்காமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டன. போதாததற்குக் கல்லூரிகளைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஒரு குழு. ஒரு தொகுதியில் இடம் கிடைக்காதவனை விடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவனுக்கு இன்னொரு தொகுதியில் இடம். மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். பெரியகருப்பன் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும். அந்தத் தொகுதி முறையை நீதிமன்றம் ரத்து செய்தது. இன்டர்வியூவுக்கு மதிப்பெண் போட்ட விதத்தையும் கண்டித்தது. 1980-ல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது நியாயமில்லை என்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எதற்காக இந்தக் கோபம்? நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் நம்ம அப்பா பேரைக் கேட்பார். ஊரைக் கேட்பார். கேள்வி அதோடு முடிந்துவிடும். விசைத்தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கும் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த அறையில் ஒரே குரல் வராது. என் அப்பா தறி ஓட்டியவர். 19 வயதில் என்னை ஐந்து பேர் முன்னால் இங்கிலீஷில் பேசச் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு இங்கே இல்லை. விடைத்தாள் என் குரலைக் கேட்கவில்லை. அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்படியென்றால் இன்டர்வியூ என்பதே மோசமா? நம்ம மாநிலத்திலேயே அதை நல்லபடியாக நடத்தியதாகப் பெயர் எடுத்த இடம் ஒன்று இருக்கிறது. வேலூர் சிஎம்சி. மாணவர்களை வரவழைத்து நாள்கணக்கில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் தேடியது ஒன்றைத்தான். படித்து முடித்ததும் மூலையில் கிடக்கிற ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் வேலை பார்ப்பானா? முடித்தபின் அப்படிப் பணிசெய்வதும் ஏற்பாட்டில் ஒரு பகுதி. நீட் வந்தபோது அந்த முறையைக் கைவிட அவர்களுக்கு மனம் இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் முதல் தடவை நீட்டை ரத்து செய்ததே அவர்கள் பெயரில் இருந்த வழக்கில்தான். 2016-ல் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. 2017-ல் எம்பிபிஎஸ்ஸில் 100 இடத்தில் ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மிச்சம் 99 இடத்தையும் காலியாகவே விட்டார்கள். 2020 ஏப்ரலில் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட்தான் என்று தீர்ப்பு வந்தது. அதோடு முடிந்தது.

எனக்கு ரெண்டு பக்கமும் புரிகிறது. எல்லா ஊரிலும் சிஎம்சி மாதிரி ஓர் அறை இருக்காது, நல்ல மனுஷர்களை நம்பி நாடு முழுக்க ஒரு முறையை நடத்த முடியாது என்பதும் புரிகிறது. அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்பதும் புரிகிறது. எங்கே போய் வேலை பார்ப்பாய்?

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு எப்போது தெரிந்தது என்று சொல்கிறேன்.

எம்பிபிஎஸ் முடித்து, எம்ஆர்பி தேர்வு எழுதி, சங்கரன்கோவில் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். காலையில் ஓபி. சர்க்கரை, பிரஷர், காய்ச்சல். தோலில் படை என்று வருகிறவர்கள் பாதிப் பேர் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு வருவார்கள். திட்டினால் அடுத்த தடவை வரமாட்டார்கள். "ஆத்தா மண்ணையும் வச்சுக்கோங்க, இந்த மருந்தையும் போட்டுக்கோங்க, ஆனா மருந்து போட்ட இடத்துல மண்ணு படக்கூடாது" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இதெல்லாம் எந்தப் பரீட்சையிலும் வராது.

ஒரு ராத்திரி முதல் பிரசவம் ஒன்று. தலை இறங்கவில்லை, குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது. சிசேரியன் பண்ணணும். எங்களிடம் தியேட்டர் இல்லை. பக்கத்தில் தியேட்டர் இருக்கிற இடத்துக்குப் போன் பண்ணினால், "மகப்பேறு டாக்டர் இருக்காங்க, மயக்க டாக்டர் இல்ல" என்று பதில். கத்தி இருக்கிறது, கை இருக்கிறது, மயக்கம் கொடுக்க ஆள் இல்லை. 108-இல் நானும் ஏறி உட்கார்ந்தேன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டருக்கு மேலே. அந்தப் பொண்ணோட அம்மா வழி பூரா என் கையை விடவே இல்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் ஊருக்குத் திரும்பும்போது விடிந்துவிட்டது. பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் மயக்கவியல் எடுப்பது என்று முடிவு பண்ணினேன்.

நீட் பிஜி எழுதினேன். மூணாவது தடவைதான் கிடைத்தது. அங்கேதான் தமிழ்நாட்டின் ஒரு பழைய ஏற்பாடு எனக்குக் கை கொடுத்தது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லணும்.

ஓர் அரசுக் கல்லூரியில் 100 பிஜி இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மிச்சம் 50 மாநிலத்துக்கு. அந்த 50-இல் பாதியை, அதாவது 25-ஐ, ஏற்கெனவே அரசு ஆஸ்பத்திரிகளில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கிற மருத்துவர்களுக்கு ஒதுக்கி வைப்பது தமிழ்நாட்டில் நீண்டகால வழக்கம். சர்வீஸ் கோட்டா என்பார்கள். படித்து முடித்தால் அரசுப் பணிக்கே திரும்பணும், பத்திரம் எழுதிக் கொடுக்கணும்.

2016-ல் உத்தரப் பிரதேசத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பட்ட மேற்படிப்பில் இப்படித் தனி ஒதுக்கீடு கூடாது, மருத்துவக் கவுன்சில் விதிப்படி ஊக்க மதிப்பெண் மட்டும்தான் கொடுக்கலாம் என்றது. அந்த விதி என்ன? தொலைதூர, கடினமான பகுதியில் வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும், நீ எடுத்த மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரை கூட்டலாம். அதிகபட்சம் 30 சதவீதம். 300 எடுத்தவர் மூணு வருஷம் வேலை பார்த்திருந்தால் 390 ஆகலாம். 400 எடுத்தவர் 520 ஆகலாம். எந்த ஊர் கடினமான பகுதி என்று மாநில அரசு பட்டியல் போடணும். 2017-ல் இங்கே அரசு மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடியது இதற்குத்தான். நான் எழுதிய வருஷங்களில் ஒதுக்கீடு கிடையாது, ஊக்க மதிப்பெண்தான்.

அப்புறம் 2020 ஆகஸ்ட் 31. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு கொடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, அதைத் தடுக்க மருத்துவக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் நவம்பரில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களிலும் 50 சதவீதம் என்று மாநில அரசாணை வந்தது. அதை 2022 மார்ச்சில் நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

இதில் குறை இல்லையா? இருக்கிறது. மூணு குறையை நானே சொல்கிறேன்.

முதலாவது, அரசு வேலையில் இல்லாத பிள்ளைகள் கேட்கிறார்கள்: "நாங்க கிராமத்துக்குப் போகமாட்டோம்னா சொன்னோம்? வேலைக்கு ஆள் எடுத்தாத்தானே போவோம்?" நியாயம். எம்ஆர்பி தேர்வு எப்போது வரும் என்று காத்திருக்கிறவர்களிடம் நீங்கள் சேவை செய்யவில்லை என்று சொல்ல முடியாது.

ரெண்டாவது, என்னைப் பற்றியது. பிஎச்சியில் இருந்த காலத்தில் மத்தியானம் ஓபி குறைந்ததும் மேஜை டிராயரில் இருந்து எம்சிக்யூ புத்தகத்தை எடுத்திருக்கிறேன். ஒரு பாட்டி வாசலில் நின்றதைக் கவனிக்காமல் ஒரு பக்கம் முடித்திருக்கிறேன். அந்தப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. "படிக்கிற பிள்ள, படிக்கட்டும்"னு நின்னுக்கிட்டு இருந்தாங்க. கிராமத்து வேலையைப் பிஜி இடத்துக்கான வெயிட்டிங் ரூம் ஆக்கினால், காத்திருப்பது நாம் இல்லை, அவர்கள்தான்.

மூணாவது, படித்து வந்தவர் அதே ஊருக்கு வருவார் என்று உத்தரவாதம் இல்லை. நிபுணர் வந்தாலும் கருவி, ரத்த வங்கி, நர்ஸ் எல்லாம் கூடவே வரணும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புது அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். பக்கத்து விருதுநகருக்குக் கிடைத்தது. எங்க தென்காசி மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

இத்தனை குறைக்குப் பிறகும் நான் ஏன் இந்த முறையின் பக்கம் நிற்கிறேன் என்று அக்கா மகனிடம் சொன்னேன். அதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

என்னை இன்டர்வியூ மேஜையில் உட்கார வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால், "ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா வருவியா?" என்றுதான் கேட்பேன். நூறு பேரிடம் கேட்டால் நூறு பேரும் "வருவேன் மேடம்" என்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. 24 வயதில் எல்லாரும் அதை நம்பித்தான் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன். ஆனால் வருகிறார்களா என்பது அந்த அறையில் தெரியாது. ஒரு பிஎச்சியில் மூணு வருஷம் இருந்த வருகைப் பதிவேட்டில் தெரியும். சர்வீஸ் கோட்டா, ஊக்க மதிப்பெண் எல்லாம் அந்தப் பதிவேட்டை வாசிக்க நாம் கண்டுபிடித்த வழி. யார் பிள்ளை என்று கேட்காது. இங்கிலீஷ் கேட்காது. எங்கே இருந்தாய், எத்தனை நாள் இருந்தாய் என்று மட்டும் கேட்கும். முரட்டுத்தனமான கேள்விதான். ஆனால் நடித்துக் காட்ட முடியாத கேள்வி.

இன்னொன்று. 2025 ஜனவரி 29-ல், மாநில ஒதுக்கீட்டில் வசிப்பிட அடிப்படையில் பிஜி இடம் ஒதுக்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த மண்ணில் பிறந்தவன் என்பது இனிமேல் கணக்கில் வராது. சரி. அப்படியென்றால் ஓர் இடத்துக்கும் அந்த ஊர் ஜனங்களுக்கும் நடுவில் மிச்சம் இருக்கிற கயிறு, இங்கே வேலை பார்த்தவன் என்பதுதான். அதை அறுந்துபோக விடக் கூடாது. அதோடு, அந்தக் கயிற்றைப் பிடிக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு வரணும் என்றால், வேலைக்கு ஆள் எடுப்பதைக் காலத்தில் செய்யணும்.

பையன் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "அப்ப நான் என்ன செய்யட்டும் சித்தி?" என்றான்.

"நீட் பிஜி எழுதுலே. எம்ஆர்பியும் எழுது. எது முதல்ல வந்தாலும் போ. பிஎச்சி வந்துச்சுன்னா டிராயர்ல புத்தகம் வச்சுக்கோ, தப்பில்ல. ஆனா வாசல்ல ஆள் நின்னா மூடிரு."

சிரித்தான். அமெரிக்கா போகிற கூட்டாளிக்கும் வாழ்த்துச் சொல்லச் சொன்னேன். அவனும் நல்ல பையன்தான். எங்கே இருந்தாலும் ஒரு நோயாளியின் தலைமாட்டில்தான் நிற்கப்போகிறான்.

இப்போது நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில், மாசத்தில் பாதி நாள் ராத்திரி போன் என் தலையணை பக்கத்தில் இருக்கும். போன வாரம் ஒரு சிசேரியன். வெளியே நின்ற அந்தப் பிள்ளையோட அம்மா என்னிடம், "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணுமோன்னு பயந்துட்டேன் தாயி" என்றார். "இல்லம்மா, இங்கயே முடிஞ்சது" என்று சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.